தேடினால் நாகம் கிடைக்கும், பேய் கிடைக்காது: பிடிஎஃப்பில் தமிழ்ச் சாகசம் விற்ற அனுபவம்

போன வாரம் சிநேகிதன் ஒருவனின் தம்பி உவர்மலைச் சந்தியில் என்னை நிறுத்திக் கேட்டான். "அண்ணா, நானும் ஒரு சாகசம் எழுதி முடிச்சிட்டன். பிடிஎஃப் ஆக்கி இணையத்தில போட்டால் சரிதானே?" சரி என்று சொல்ல வாயெடுத்தேன். முதல்நாள் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் பட்ட பாடு நினைவுக்கு வந்ததும் நிறுத்திக்கொண்டேன். அவனிடம் அரைகுறையாகச் சொன்னதைத்தான் இப்போது முழுதாக எழுதுகிறேன். சாகசம் என்று நாங்கள் சொல்வது டேபிள்டாப் ஆர்பிஜிக்கான கதைப் புத்தகத்தை: மேசையைச் சுற்றியிருந்து, ஒருவர் கதை நடத்த, மற்றவர்கள் பாத்திரங்களாகிப் பகடை உருட்டி ஆடும் ஆட்டம் அது.

அவ்வகை ஆட்டமான டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸின் அடிப்படை விதித்தொகுப்பான எஸ்ஆர்டி 5.1, 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளிவந்தது. மூலத்தை உரிய முறையில் குறிப்பிட்டால் போதும், அந்த விதிகளைத் தமிழாக்கலாம், மாற்றலாம், விற்கலாம். அந்தத் துணிவில்தான் நான் 36 பக்கச் சாகசம் ஒன்றை எழுதினேன். களம் எங்கள் திருகோணமலையின் சீனக்குடா எண்ணெய்க் குதங்கள். பிரித்தானியர் காட்டுக்குள் கட்டிவிட்டுப் போன அந்த 99 குதங்களைச் சின்ன வயதிலிருந்தே பார்த்து வளர்ந்தவன் நான். என் கதையில் நூறாவதாக ஒன்று இருக்கிறது. 1942 ஏப்ரல் 9, ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையில் குண்டு போட்ட அன்று மூடியது. அதற்குள் என்ன இருக்கிறது என்பதுதான் ஆட்டம்.

பக்க வடிவமைப்புக்கு ஸ்கிரைபஸ் என்ற மென்பொருள். இலவசம். 1.5.3 பதிப்பிலிருந்து தமிழ் எழுத்துகளைச் சரியாகக் கோத்துத் தருகிறது. எழுத்துரு நோட்டோ செரிஃப் தமிழ், அதையும் தயங்காமல் புத்தகத்துக்குள் வைத்து விற்கலாம். பிடிஎஃப் எடுத்த அன்று எனக்கு வந்த சந்தோசம் கொஞ்சமல்ல. பென் டிரைவில் போட்டுக்கொண்டு போட்டோக்கொப்பிக் கடைக்குப் போனேன். அந்தக் கடைக் கணினியில் என் எழுத்துரு இல்லை. இருந்தும் ஒரு புள்ளிகூடப் பிசகாமல் வந்தது. ஏ4 தாள் ஒன்பது, இரண்டு பக்கமும் அடித்து, நடுவில் மடித்து, இரண்டு ஸ்டேப்ளர் பின். தமிழில் ஒரு சாகசப் புத்தகம் கையில் இருந்தது. எழுத்துருவைத் தனக்குள்ளேயே சுமந்துகொண்டு போகிற இந்தக் குணத்துக்காக பிடிஎஃப்பை நான் என்றைக்கும் மதிப்பேன்.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். ஐந்து பேர் மேசையில். நான்தான் கதை நடத்துகிறேன். குதத்தின் அடித்தளத்தில் விளக்கு அணைந்துவிட்டது, தூரத்தில் ஒரு நெருப்பு அசைகிறது. எல்லோரும் மூச்சுக்கூட விடாமல் இருக்கிறார்கள். கொள்ளிவாய்ப் பேயின் உயிர்ப்புள்ளி, அதாவது அது எவ்வளவு அடி தாங்கும் என்ற எண், எத்தனை என்று பார்க்க போனை எடுத்தேன். "கொள்ளிவாய்" என்று தேடினேன். இல்லை என்றது. "பேய்" என்று தேடினேன். அதுவும் இல்லை. நான் எழுதிய புத்தகம், நான் பெயர் வைத்த பேய்! விரலால் தள்ளித் தள்ளி 27ஆம் பக்கத்தைக் கண்டுபிடிப்பதற்குள் ஒருவன் பிளேன்டீ ஊற்ற எழும்பிவிட்டான், இன்னொருவன் கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கத் தொடங்கிவிட்டான். அரை மணி நேரம் கட்டி எழுப்பிய பயம் அத்தோடு போச்சு. எனக்குச் சரியான கோபம்.

இது ஒரு நாள் கதை இல்லை. முதல் பதிப்பிலிருந்தே இருக்கிறது. காரணத்தைப் பிறகுதான் விளங்கிக்கொண்டேன். கணினி எழுத்துகளைச் சேமிக்கும் முறையான யூனிகோடில் "பே" என்பது முதலில் ப, அடுத்து ஏகாரக் குறி. கண்ணுக்குத் தெரியும்போது அந்தக் கொம்பு பகரத்துக்கு இடப்பக்கம் வந்து நிற்கிறது. பிடிஎஃப் அடிப்படையில் எந்த வடிவம் எந்த இடத்தில் நிற்கிறது என்று வரைந்து வைத்துக்கொள்கிற கோப்பு. தேடும்போது அந்த வடிவங்களிலிருந்து எழுத்துகளைத் திரும்பக் கட்டுகிறது. கொம்பு முதலில் நிற்பதால் கொம்பு முதலில், பகரம் பிறகு. "கொ" இன்னும் மோசம், ககரத்துக்கு இரு புறமும் இரண்டு துண்டாக உடைகிறது. அதனால் என் புத்தகத்தில் நாகம் கிடைக்கும், பேய் கிடைக்காது. எங்கள் ஊரின் பெயரே கிடைக்காது, அதற்குள் ஒரு "கோ"வும் ஒரு "லை"யும் இருக்கிறதே. திருகோணமலையைப் பற்றி எழுதிய புத்தகத்தில் திருகோணமலை என்று தேடினால் ஒன்றுமில்லை என்று வருவதை மூன்று வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் பழகவில்லை.

நியாயமாகச் சொல்ல வேண்டும். சரியான எழுத்து வரிசையைக் கூடவே எழுதி வைக்க பிடிஎஃப்பில் ஆக்சுவல் டெக்ஸ்ட் என்ற வழி பதிப்பு 1.4 காலத்திலிருந்தே இருக்கிறது. கோப்பை உருவாக்கும் மென்பொருள் அதை எழுத வேண்டும், திறக்கும் செயலி அதைப் படிக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக நடப்பது என் கையில் இல்லை.

என் கையில் இருந்தது புக்மார்க். அதைத் தற்செயலாகக் கண்டுபிடித்தேன். பக்கவாட்டில் திறக்கும் அந்தப் பட்டியலின் பெயர்கள் பக்கத்தில் வரைந்த வடிவங்கள் அல்ல, தனியாக யூனிகோடில் இருப்பவை. அங்கே "கொள்ளிவாய்ப் பேய்" முழுசாக நிற்கிறது. இரண்டு இரவு உட்கார்ந்து 41 புக்மார்க் போட்டேன், ஒவ்வொரு பேய்க்கும், அறைக்கும், பொறிக்கும் ஒன்று. அப்புறம் முழுப் புத்தகத்தையும் வெறும் உரைக்கோப்பாக எடுத்து பிடிஎஃப்புடன் சேர்த்துப் போட்டேன். அதற்கு வந்த பதில்தான் நான் எதிர்பாராதது. வாங்கிய ஒருவர் எழுதியிருந்தார்: பார்வை இல்லாத தன் அண்ணனுக்குத் திரைவாசிப்பான் பிடிஎஃப்பைக் குழறிக் குழறி வாசித்ததாம், உரைக்கோப்பை ஒழுங்காக வாசித்ததாம், இப்போது அண்ணன்தான் வீட்டில் கதை நடத்துகிறாராம். அந்தக் கடிதத்தை நான் எத்தனை தரம் படித்தேன் என்று கணக்கில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இட்ச்.ஐஓ என்ற விற்பனைத் தளத்தில், விற்ற காசில் தளத்துக்கு எத்தனை வீதம் என்பதை விற்பவரே வைக்கலாம், மாற்றாமல் விட்டால் 10 வீதம். டிஎம்ஸ் கில்ட் என்ற இன்னொரு தளத்தில் எழுதியவருக்குப் பாதி, ஆனால் டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸின் சொந்த உலகங்களை வைத்து எழுத அங்கே இடம் உண்டு. காசு எந்த வழியாக இலங்கை வங்கிக் கணக்குக்கு வந்து சேரும் என்பதை மட்டும் விலை போடுவதற்கு முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். நான் விசாரிக்காமல் ஏழு மாதம் காத்திருந்தேன்.

பிடிஎஃப்பை இவ்வளவு புகழ்ந்த பிறகு இதைச் சொல்வது பொருந்தாமல் இருக்கலாம். பரவாயில்லை. தமிழில் முதல் புத்தகம் போடுகிற ஒருவர் பிடிஎஃப்பில் தொடங்க வேண்டாம் என்பதுதான் இன்றைக்கு என் முடிவு. முதலில் உரைக்கோப்பு, இல்லாவிட்டால் சாதாரண இணையப் பக்கம். நாலு பேர் மேசையில் வைத்து ஆடிப் பார்த்து, பிழை திருத்தி, அப்புறம் அச்சுக்கு வேண்டுமென்றால் பிடிஎஃப்.

தம்பி, நீ ஏற்கனவே பிடிஎஃப் ஆக்கிவிட்டாய் என்று தெரியும். அதைத் திறந்து உன் கதையில் வரும் பேயின் பெயரைத் தேடிப் பார். கிடைக்காவிட்டால் லப்டொப்பை எடுத்துக்கொண்டு ஞாயிறு நாலு மணிக்கு முன் வீட்டுக்கு வா. புக்மார்க் போட்டு முடித்துவிட்டு ஆட்டத்துக்கும் இருக்கலாம்.