அம்மா காலுல கெடக்குற ஸ்டெப் பேண்ட், 14 மாசத்துக்கு அப்புறம்

நேத்து கீழக்கரைலருந்து கூட்டாளி ஒருத்தன் போன் பண்ணி, "மாப்ள, அத்தாவுக்கும் (அவன் அப்பா) நெஞ்சு டாக்டர் நடக்கச் சொல்லிருக்காரு, உங்கம்மாவுக்கு கைல கட்டி, நடக்குற அடிய எண்ணுற பேண்ட் ஒண்ணு வாங்குனியே அது எப்புடி, இப்ப வெல வேற கொறைஞ்சிருக்கு"ன்னு கேட்டான். கேட்ட நேரம் சரியில்ல. அன்னைக்குக் காலைலதான் அதோட சார்ஜிங் பின்னு உப்புக்காத்துல பச்சை பூத்துப்போயி, மொபைல் கடைத் தம்பி பழைய டூத் பிரஷ்ஷால ரெண்டு தேய்ப்பு தேச்சுட்டு 150 ரூபா வாங்கிக்கிட்டான், அந்தக் கடுப்புல இருந்தேன். "வாங்காத"ன்னு சொல்லிட்டு வச்சுட்டேன். அப்புறம் யோசிச்சா அது நியாயமாத் தெரியல, அதான் இந்தப் பதிவு. கம்பெனி பேரு எழுதல, கேக்காதீங்க.

அம்மாவுக்கு சிஓபிடி, அதாவது மூச்சுக்குழாய் சுருங்கி மூச்சு வாங்க வைக்கிற, தீராத நுரையீரல் வியாதி. பீடி சிகரெட்டுப் பக்கமே போனதில்ல, ஆனா ஓலக் கொட்டாய்க்குள்ள கருவேல வெறகு அடுப்புல 35 வருசம் ஊதுனவங்க. நம்மூரு பொம்பளைங்க பலபேருக்கு இந்த வியாதி வர்றது அடுப்புப் பொகையாலதான், ஆனா பீடி குடிக்காதவங்களுக்கு வராதுன்னே நெனச்சுக்கிட்டு வெறும் இளைப்புன்னு விட்டுர்றோம். இதுல எனக்கு வயித்தெரிச்சல் என்னன்னா, அம்மா பாம்பன்ல கடல்பாசி எடுத்தவங்க. மூச்சடக்கி முங்கி பாறைல ஒட்டுன பாசியப் புடுங்கி வந்தவங்களுக்கு இப்ப வாசப்படிலருந்து குழாயடிக்குப் போறதுக்குள்ள ரெண்டு தடவ நிக்கணும்.

டாக்டர் சொன்னது எனக்கு நல்லாப் புரிஞ்சுச்சு. கெட்டுப்போன நுரையீரலு திரும்பி வராது. ஆனா மூச்சு வாங்குதேன்னு பயந்துக்கிட்டு உக்காந்தே இருந்தா காலு சதை கரையும், கரைஞ்ச காலு கொஞ்ச வேலைக்கே நெறைய காத்து கேக்கும், அப்ப இன்னும் இளைக்கும், இன்னும் உக்காருவோம். அந்தச் சுத்த ஒடைக்கத்தான் நடை. மொதல் வாரம் எதையும் மாத்தாம பேண்டக் கட்டிட்டு வழக்கம்போல இருக்கட்டும், அந்த ஏழு நாள் சராசரியப் பாத்துட்டு அதுக்கு மேல கொஞ்சங்கொஞ்சமாக் கூட்டுவோம்னாரு. தெனம் பத்தாயிரம் அடியா சார்னு கேட்டேன், சிரிச்சாரு. அந்தப் பத்தாயிரம் 1965ல ஜப்பான்ல வித்த ஒரு மெஷினோட பேராம், மான்போ-கெய், பத்தாயிரம் அடி அளக்குறதுன்னு அர்த்தம். கம்பெனிக்காரன் வச்ச பேரு இன்னைக்கு ஒலகத்துக்கே சட்டமாயிருச்சு. சிஓபிடி ஆளுக்கு தெனம் 600லருந்து 1,100 அடி வரைக்கும் கூடுனாலே அது பெரிய விசயந்தான்.

மொதல் வார சராசரி 3,900 வந்துச்சு. எனக்கு ஒரே சந்தோசம். டாக்டருக்கு நம்பிக்கையில்ல, ஏன்னா ஆறு நிமிச நடை டெஸ்ட்ல அம்மா நடந்தது வெறும் 210 மீட்டரு. சரின்னு ஒரு ஞாயித்துக்கெழம திண்ணைல பக்கத்துலயே உக்காந்து பாத்தேன். அம்மா பனை ஓலைல பெட்டி மொடஞ்சிக்கிட்டு இருந்தாங்க. காலு ரெண்டையும் நீட்டி, செவுத்துல சாஞ்சு. கை மட்டும் மேல கீழ, மேல கீழ. பேண்ட்ல 640, 655, 671ன்னு ஏறுது! ஒரு பெட்டி மூடி முடியுறதுக்குள்ள எண்ணூறு அடி. அம்மா உக்காந்த எடத்துலயே பக்கத்தூரு தங்கச்சிமடம் வரைக்கும் போய்ட்டு வந்துருப்பாங்க போல.

சரி பொய்க்கணக்கு ஏறுது, நெசக் கணக்காச்சும் ஏறுதான்னா அதுவும் இல்ல. இடுப்புல கொடம், ஒரு கை கொடத்தப் புடிச்சிருக்கு, இன்னொரு கை முந்தானைக்குள்ள. குழாயடி போய்ட்டு வந்தாங்க, நான் வாய்விட்டு எண்ணுனேன், 100 அடி. பேண்ட் காட்டுனது 12. கையி ஆடுனாத்தான் அதுக்கு நடை. அதுலயும் இந்த மாடலு தொடர்ந்து பத்து அடி வச்சாத்தான் கணக்கையே தொடங்கும், சும்மா கைய ஆட்டுறத தள்ளுறதுக்காம். ஏழு அடி வச்சு நின்னு மூச்சு விடுறவங்களுக்கு அந்த ஏழும் போச்சு, அடுத்த ஏழும் போச்சு. மெதுவா நடந்தா அதிர்வே அதுக்குப் பத்தாது. வேகமா ஓடுற ஆளுக்குன்னு செஞ்ச சாமானத்த, நடக்கவே முடியாத ஆளுக்குக் கட்டிவிட்டு ஏன் எண்ணலன்னா என்ன பண்ணும். அது புரியுது. ஆனாலும் டப்பா மேல வெள்ளத்தாடி தாத்தா சிரிக்கிற படம் போட்டுருக்கான்ல, அதுக்குத்தான் எனக்குக் கோவம்.

இதுக்கு மேல போன்ல இருக்குற அதோட ஆப்பு (app) வேற. மொதல்லயே 10,000ன்னு டார்கெட்ட வச்சுக்கிட்டு, சாயந்தரம் ஆனா "இன்னிக்கு 14 சதவீதம்தான்"னு செவப்புல காட்டும். 2,000க்குக் கீழ எறக்க விடமாட்டேங்குது. எங்கம்மாவுக்கு அன்னைக்கு 1,400 அடிங்குறது கடலையே நீந்துன மாதிரி, அதுக்கு ஒரு செவப்பு வட்டம்.

கடைசில வழி கண்டுபுடிச்சது என் தங்கச்சி. கைல கட்டுறத கணுக்கால்ல கட்டிட்டா. நீளமான ஸ்ட்ராப்பு ஒண்ணு தனியா 180 ரூபாய்க்கு வாங்குனோம். அம்மா கால நீட்டிப் பாத்துட்டு, "கொலுசு போட்டு நாப்பது வருசமாச்சு, இது ஓசையே இல்லாத கொலுசால்ல இருக்கு"ன்னாங்க. அன்னைக்கு 100 அடிக்கு 94 காட்டுச்சு. பெட்டி மொடஞ்சா சைபர். மெதுவா நடக்குறவங்களுக்கு மணிக்கட்ட விட கணுக்கால்தான் சரியா எண்ணும், இத எவனும் பெட்டில எழுதல. நாடித்துடிப்பு தூக்கம் எல்லாம் அதுல இனி கண்டபடி வரும், அதப் பாக்காதீங்க. காலு வீங்கிருந்தா கட்டாதீங்க, வீக்கத்த டாக்டர்ட்ட சொல்லுங்க.

புதுசா எடுத்த ஏழு நாள் சராசரி 1,350. ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா 150, 200ன்னு கூட்டுனோம். மூச்சு வாங்குறது பத்துக்கு மூணு நாலு இருக்கலாம், பேச்சு நின்னு நின்னு வரலாம், பேசவே முடியலன்னா நிக்கணும். விரல்ல மாட்டுற ஆக்சிஜன் மெஷின்ல 88க்குக் கீழ எறங்குனா உக்காரணும்னு எங்களுக்குச் சொல்லி விட்டாங்க, உங்களுக்கு எவ்வளவுன்னு உங்க டாக்டர்ட்ட கேட்டுக்கங்க. நிக்கும்போது மூக்குல இழுத்து, ஒதட்டக் குவிச்சு மெதுவா ஊதி விடணும். பிசியோ அந்தப் பொண்ணு "ஊதாங்குழல் ஊதுற மாதிரிம்மா"ன்னு சொல்லிக் குடுத்துச்சு. அம்மா அதப் பாத்து, "ஏத்தா, ஊதி ஊதித்தான் இது வந்துச்சு, இன்னமும் ஊதணுமாக்கும்"னாங்க. அந்தப் பொண்ணுக்குப் பதில் வரல.

நான் பண்ண முட்டாத்தனம் ஒண்ணு. நம்பர் நல்லா ஏறுதேன்னு ஆடி மாசத்துல பாம்பன் ரோட்டுப் பாலத்துல நடக்கக் கூட்டிப் போனேன். 1988ல தொறந்த பாலம், ரெண்டேகால் கிலோமீட்டருக்கு மேல, ஏத்தம் வேற. கச்சான் காத்து ஆள அப்படியே தள்ளுது. முன்னூறு அடிகூட போகல, கைப்பிடிச் செவுத்தப் புடிச்சுக்கிட்டு நின்னுட்டாங்க, ஒதடு நீலமா இருந்துச்சு, வாய்ல இன்ஹேலர் பஃப் அடிச்சு ஆட்டோ புடிச்சுத் திரும்புனோம். பேண்ட் அன்னைக்குக் காட்டுனது 290, தெருவுல நடந்த 290ம் அதுக்கு ஒண்ணுதான். காத்து, ஏத்தம், வெயிலு, இடுப்புல கொடம் எதுவும் அதுக்குத் தெரியாது. அதுக்கப்புறம் காலைல ஆறு மணிக்கு, வீட்டுலருந்து கிளம்பும்போது காத்துக்கு எதிர்க்கப் போறது, களைச்சுத் திரும்பும்போது காத்து முதுகுல தள்ளுற மாதிரி வர்றதுன்னு அம்மாவே மாத்திக்கிட்டாங்க. வல்லம் (படகு) ஓட்டுன வீட்டுப் பொம்பளைக்கு அத நான் சொல்லிக் குடுக்கணுமா.

நாலாவது மாசம் 2,300 தொட்டாங்க. குழாயடிக்கு நிக்காமப் போனாங்க. ஞாயித்துக்கெழம கோயிலுக்கு நடந்தே போய்ட்டு வந்தாங்க. நல்லாச் சொல்ல வேண்டியது இதுதான், இத மறைச்சா பாவம். மழை மாசத்துல சளி புடிச்சு, பச்சையா கோழை வந்து ஒரு வாரம் ஆஸ்பத்திரி. 300 அடிக்கு எறங்கிருச்சு. படுக்கைல இருக்கவங்க போனுக்கு ஆப்பு அனுப்புது, "எழுந்திருங்க, நகருங்க"ன்னு. போனையே தூக்கி எறிஞ்சுருப்பேன். அப்புறம் பேண்ட் ரெண்டு மாசம் அலமாரில கெடந்துச்சு. அமெரிக்காவுல பழைய ராணுவக்காரங்க, இதே வியாதிக்காரங்க, அவங்களுக்கு அடி எண்ணுற மெஷினும் இண்டர்நெட்ல வாராவாரம் டார்கெட்டும் குடுத்துப் பாத்தாங்களாம், நாலு மாசத்துல மத்தவங்கள விட தெனம் சுமார் 780 அடி கூடுதலா நடந்துருக்காங்க, ஆனா ஒரு வருசத்துல அந்த வித்தியாசம் நிக்கலயாம். படிச்சப்ப எங்க வீட்ட எட்டிப்பாத்து எழுதுன மாதிரி இருந்துச்சு.

திரும்ப ஆரம்பிச்சது பேண்டால இல்ல. அலமாரிக் கதவுல தங்கச்சி பென்சில்ல தெனம் போட்ட நம்பரு ஆகஸ்டுலருந்து வரிசையா இருந்துச்சு, நவம்பரோட நின்னுருச்சு. அம்மா ஒருநாள் அதுக்கு முன்னால நின்னு பாத்துட்டு, "பாதில நிக்கிது பாரு, அசிங்கமா"ன்னாங்க. மறுநாள் 500லருந்து தொடங்குனோம், பழைய 2,300லருந்து இல்ல. இப்ப 1,900ல நிக்குது.

அப்ப கீழக்கரைக்காரனுக்கு என் பதிலு? பேண்டுக்கு அஞ்சுக்கு ரெண்டு மார்க்கு, அதுல ஒண்ணு தங்கச்சிக்கு. அத்தாவுக்கு இடுப்புல செருகுற 350 ரூபா மெஷினே போதும்டா, கைலில செருகிக்கலாம், ஆப்பு கெடையாது, செவப்பு வட்டம் கெடையாது. ரொம்ப மெதுவா நடந்தா அதுவும் முழுங்கும், அதனால நூறு அடி நீ பக்கத்துல நடந்து எண்ணிப் பாத்துட்டு வாங்கு. பேண்ட் வாங்காத.

இத எழுதிக்கிட்டு இருக்கும்போதே ஸ்ட்ராப்பு வேற அறுந்துருச்சு, உப்புல மொறுமொறுன்னு போயிருக்கு. விட்டுத் தொலைங்கன்னு சொன்னேன். "நாளைக்கு நடக்கணும்ல, எனக்குக் கணக்கு வேணாமா"ன்னு கேட்டுட்டு, பழைய சேலைக் கரையக் கிழிச்சுக் கணுக்கால்ல கட்டிக்கிட்டு இருக்காங்க. புது ஸ்ட்ராப்பு ரெண்டா ஆர்டர் போட்டுருக்கேன்.