வாஷிங் மெஷின் வாடை: வினிகர், சிட்ரிக் ஆசிட், பிளீச், சுடுதண்ணீர் – எது எதற்கு?

மழைக்காலத்தில் துணி நாறுவது இயல்பு என்றே பல வருடம் நினைத்திருந்தேன். ஐப்பசி, கார்த்திகையில் மாடியில் எதுவும் காயாது. வீட்டுக்குள் கொடி கட்டி ஃபேனைச் சுழலவிட்டுக் காயவைப்போம், வாடை வராமல் என்ன செய்யும் என்று விட்டுவிடுவேன். ஆனால் போன சித்திரை வெயிலில் மொடமொடவென்று காய்ந்த துண்டிலும் முகத்தைத் துடைத்ததும் அதே வாடை. அன்றைக்குத்தான் எங்கள் ஃப்ரண்ட் லோடு மெஷினின் வாயில் இருக்கும் ரப்பர் வளையத்தை விரித்துப் பார்த்தேன். மடிப்புக்குள் கருப்பாக, வழவழவென்று ஒரு படலம். விரலில் எடுத்து முகர்ந்தால் துண்டின் வாடையேதான்.

அதற்குப் பிறகு ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். வினிகர் ஊற்று, ஆப்ப சோடா போடு, பிளீச்சிங் பவுடர் போடு, கம்பெனி பவுடரை வாங்கு. சில மாதங்களாக ஒவ்வொன்றாகச் செய்து பார்த்ததில் எனக்குப் பிடிபட்ட முக்கியமான விஷயம் இது: மெஷினுக்குள் சேரும் அழுக்கு ஒன்றல்ல, இரண்டு. ஒன்று உப்புப் படிவு. போர் தண்ணீரில் இருக்கும் கால்சியம், மெக்னீசியம் வெள்ளையாகப் படிந்து கெட்டியாகிவிடும். இன்னொன்று பிசுக்கு. நம் உடம்பின் எண்ணெய், கரையாத சோப்பு, துணிக்கு வாசனைக்காக ஊற்றும் கண்டிஷனரின் கொழுப்பு, நூல்தூசி எல்லாம் சேர்ந்த கலவையில் பாக்டீரியாவும் பூஞ்சையும் குடியேறிய படலம். நாறுவது பிசுக்கு. நாம் தேடி ஓடும் மருந்துகளில் பாதி உப்புப் படிவைக் கரைப்பவை. அதனால்தான் எவ்வளவு செய்தாலும் பத்து நாளில் வாடை திரும்பிவிடுகிறது.

ஒரு விதிவிலக்கை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மெஷினில் அடிப்பது ஈரத்துணி வாடையாக இல்லாமல் சாக்கடை நாற்றமாக இருந்தால் எந்தப் பவுடரும் உதவாது. தண்ணீர் வெளியேறும் ஹோஸைத் தரைக் குழாய்க்குள் ஆழமாகச் செருகியிருப்பார்கள், அல்லது குழாயின் வளைவில் தேங்கி நிற்க வேண்டிய தண்ணீர் வற்றியிருக்கும். ஊருக்குப் போய்ப் பத்துப் பதினைந்து நாள் கழித்து வந்தால் இப்படி நடக்கும். ஒரு வாளி தண்ணீரை அந்த வாயில் ஊற்றிப் பாருங்கள்.

சரி, மருந்துகளுக்கு வருவோம்.

வினிகருக்கும் சிட்ரிக் ஆசிட்டுக்கும் வேலை ஒன்றுதான். இரண்டும் அமிலம், இரண்டும் உப்புப் படிவைக் கரைக்கும். கடை வினிகரில் அசிட்டிக் அமிலம் ஏறக்குறைய 5 சதவீதம்தான் இருக்கும். அது மெஷினில் நிறையும் அத்தனை தண்ணீரில் கலந்தால் சக்தியே இருக்காது. டிரம்முக்குள் ஒரு கப் ஊற்றிச் சுற்றவிட்டதில், வினிகர் வாசம் போனதும் பழைய வாடை அப்படியே இருந்தது. அடிக்கடி ஊற்றினால் ரப்பர் பாகங்களுக்கும் நல்லதல்ல. சிட்ரிக் ஆசிட் பொடியாகக் கிடைப்பதால் வேண்டிய அளவு போடலாம். 100 கிராம் அளவில் போட்டு 60 டிகிரி சூட்டில் காலி மெஷினை ஓட்டினால் ஹீட்டரில் படிந்த உப்பு நன்றாகக் கரையும். எங்கள் தெருவைப் போல பக்கெட் விளிம்பில் வெள்ளைக் கோடு விழும் தண்ணீர் உள்ள வீடுகளில் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை செய்வது நல்லது. படிவின் சொரசொரப்பில்தான் பிசுக்கு பிடித்துக்கொள்கிறது, அந்த அளவில் வாடைக்கும் மறைமுகமாக உதவும். இந்த இரண்டில் என் ஓட்டு சிட்ரிக் ஆசிட்டுக்கு. நல்ல தண்ணீர் வரும் வீட்டுக்கு இரண்டுமே அவசியமில்லை.

ஆப்ப சோடாவையும் வினிகரையும் சேர்த்துப் போட்டால் பொங்கும், அதைப் பார்க்கத் திருப்தியாக இருக்கும். ஆனால் அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டு, மிஞ்சுவது கிட்டத்தட்ட வெறும் உப்புத் தண்ணீர். இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்தது பிளீச், அதாவது குளோரின் வகை. பிசுக்கின் மேல் நேரடியாகப் பாயும் மருந்து இது. கிருமியைக் கொல்லும், படலத்தை உடைக்கும், சுடுதண்ணீர் தேவையில்லை. ஹீட்டர் இல்லாத டாப் லோடு மெஷின் வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய வசதி. தொட்டி நிறையத் தண்ணீர் விட்டு, திரவ பிளீச் ஒரு டம்ளர் ஊற்றி, இரண்டு நிமிடம் சுற்றவிட்டு, ஒரு மணி நேரம் ஊறவைத்து, பிறகு முழுதாக ஓட்டி, இன்னொரு தரம் வெறும் தண்ணீரில் அலச வேண்டும். குறையும் உண்டு. குளோரின் துருப்பிடிக்காத எஃகையே மெல்ல அரிக்கும். டிரம்மைப் பின்னால் தாங்கும் அலுமினியச் சட்டத்துக்கும் ஆகாது. அதனால் மாதம் ஒருமுறைக்கு மேல் வேண்டாம். தொட்டி கழுவ வாங்கிவைத்த பிளீச்சிங் பவுடரை மெஷினில் போடாதீர்கள். அதில் கரையாத சுண்ணாம்பு நிறைய இருக்கிறது, நீக்க நினைத்த படிவை நாமே கொண்டுபோய்ச் சேர்த்த கதையாகிவிடும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று படியுங்கள். பிளீச்சோடு வினிகரோ, சிட்ரிக் ஆசிட்டோ, கழிவறைக்கு ஊற்றும் ஆசிட்டோ சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். நம் வீடுகளில் மெஷின் இருப்பது பெரும்பாலும் ஜன்னல் சரியாகத் திறக்காத குளியலறையில் அல்லது குறுகிய சர்வீஸ் இடத்தில். “முதலில் வினிகர், உடனே பிளீச், இரண்டும் சேர்ந்தால் பளிச்” என்று ஒரு உறவுக்காரர் எனக்குச் சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார், ஆனால் அது உயிருக்கே ஆபத்து. அமிலம் போட்ட நாளில் பிளீச்சைத் தொடாதீர்கள். நடுவில் சில தடவை துணி துவைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எனக்கு உண்மையில் பலன் தந்தது சூடும் ஆக்சிஜன் பிளீச்சும். சோடியம் பெர்கார்பனேட் என்ற வெள்ளைப் பொடி அது. வேனிஷ் போன்ற கறை நீக்கும் பவுடர்களில் வேலை செய்வது இதுதான், தனியாகவும் கிடைக்கிறது. தண்ணீரில் ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் சலவை சோடாவாகவும் பிரியும். ஒன்று கிருமியைக் கவனிக்கும், மற்றது எண்ணெய்ப் பிசுக்கை இளக்கும். குளோரின் நெடி இல்லை. ஒரே நிபந்தனை, சூடு வேண்டும். பச்சைத் தண்ணீரில் மந்தமாகத்தான் வேலை செய்யும், 60 டிகிரியில் வேகம் தெரியும். ஃப்ரண்ட் லோடில் காலி டிரம்மில் 100 கிராம் போட்டு 60 டிகிரியோ, ‘டப் கிளீன்’ புரோகிராமோ ஓட்டினால் போதும். டாப் லோடுக்கு கீசர் தண்ணீரை நாலைந்து வாளி பிடித்து ஊற்றிச் செய்யலாம், முதுகு வலிக்கும் வேலைதான். கொதிக்கும் தண்ணீர் வேண்டாம், கீசர் சூடே போதும்.

முதல் தடவை ஓட்டியபோது கண்ணாடிக் கதவு வழியாகப் பழுப்புத் தண்ணீரில் கருப்புத் துணுக்குகள் மிதப்பதைப் பார்த்து மனசு சங்கடப்பட்டது. இதில்தான் குழந்தையின் துணியையும் துவைத்தோம். அப்படித் துணுக்கு வந்தால் பயப்பட வேண்டாம், இன்னொரு முறை ஓட்டுங்கள். அப்புறம் பழைய கரித்துணிகளை ஒரு தடவை துவைத்துவிட்டு நல்ல துணியைப் போடுங்கள்.

கம்பெனிக்காரர்கள் விற்கும் டிஸ்கேலிங் பவுடர் பற்றிப் பலர் கேட்கிறார்கள். பெயரிலேயே பதில் இருக்கிறது, அது படிவு நீக்கி. பாக்கெட்டின் பின்பக்கம் படியுங்கள். சிட்ரிக் போன்ற அமிலம் என்றால் உப்புக்கு, பெர்கார்பனேட் என்றால் பிசுக்குக்கு. வாடைக்காக வாங்குபவர் கையில் அமிலப் பாக்கெட் இருந்தால் காசு வீண். எங்கள் வீட்டுக்கு வந்த மெக்கானிக் ரப்பர் வளையத்தையே மாற்றச் சொன்னார். பெர்கார்பனேட் கரைத்த சுடுதண்ணீரில் துணியை நனைத்து அந்த மடிப்புக்குள் ஒரு மணி நேரம் செருகிவைத்துத் துடைத்தேன். கறை சற்று நிற்கிறது, வாடை போய்விட்டது, வளையத்தை மாற்றவில்லை.

எந்த மருந்து போட்டாலும் கையால் செய்ய வேண்டியது இரண்டு. சோப்புப் போடும் டிராயரை முழுதாக உருவிக் கழுவுங்கள், அதன் மேற்கூரையில்தான் பூஞ்சை ஒளிந்திருக்கும். ஃப்ரண்ட் லோடின் அடியில் ஒரு சின்னக் கதவுக்குள் வடிகட்டி இருக்கிறது. கீழே தட்டு வைத்துவிட்டுத் திருகுங்கள். எங்களுடையதில் ஹேர்பின், ஒரு ரூபாய், அழுகிய நூல்கட்டி, குடலைப் பிரட்டும் நாற்றம். டாப் லோடில் உள்ளே தொங்கும் நூல்தூசி வடிகட்டி இருந்தால் அதற்கும் இதே கவனம் வேண்டும்.

வராமல் தடுக்கும் வழிகளில் காசே செலவாகாத ஒன்றுதான் மற்ற எல்லாவற்றையும் விடப் பெரியது: துவைத்து முடித்ததும் மூடியைத் திறந்தே வைப்பது. வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் அந்த அறையின் கதவைத் தாழிடுங்கள். சோப்பைக் குறையுங்கள், நுரை அதிகம் என்றால் அழுக்கு அதிகம் போகும் என்பதில்லை. கண்டிஷனரை நாங்கள் நிறுத்தியே விட்டோம்.

இவ்வளவுக்குப் பிறகும் துண்டுகள் மட்டும் சில வாரம் நாறின. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012-இல் ஈரத்துணி வாடைக்குக் காரணமாக மொராக்செல்லா ஆஸ்லோயென்சிஸ் என்ற பாக்டீரியாவைக் காட்டினார்கள். அது துணி காய்வதையும் புற ஊதாக் கதிரையும் நன்றாகத் தாங்கக்கூடியது. சித்திரை வெயில் ஏன் போதவில்லை என்பது அப்போது விளங்கியது. துண்டுகளையும் கால்மிதிகளையும் தனித்தனியாக இரண்டு முறை 60 டிகிரியில் பெர்கார்பனேட்டோடு ஓட்டினேன். இப்போது பதினைந்து நாளுக்கு ஒருமுறை துண்டுகளுக்கு மட்டும் அந்தச் சூடு.