விலை ஸ்டிக்கரைச் சுரண்டிப் பார்த்து வாங்குங்கள்

தங்கையின் நிச்சயதார்த்தத்துக்காக தி.நகரில் ஒரு அழகுசாதனக் கடைக்குப் போனேன். சீரம், மாய்ஸ்சரைசர், ப்ரைமர் (மேக்கப்புக்கு முன் போடும் அடிப்பூச்சு), சன்ஸ்கிரீன், ஃபவுண்டேஷன் (தோல் நிற மேக்கப் பூச்சு) என ஐந்தையும் "செட்டா எடுத்தாதான் அக்கா வேலை செய்யும்" என்று என் தலையில் கட்டினார்கள். 4,850 ரூபாய். பில் கேட்டதற்குக் கையால் எழுதிய துண்டுச்சீட்டுதான் வந்தது.

சீரம், மாய்ஸ்சரைசர், அதன்மேல் ப்ரைமர். கடைசியில் சன்ஸ்கிரீனையும் ஃபவுண்டேஷனையும் உள்ளங்கையில் கலந்து பூசிவிடலாம், நேரம் மிச்சம் என்றார் கடையில் விற்ற பெண். நம்பினேன்.

விசேஷத்தன்று காலை ஆறரைக்கு அப்படியே செய்தேன். தாடை ஓரத்தில் ஸ்பாஞ்சை ஒற்றியதும், நோட்டில் ரப்பர் போட்டு அழித்தால் வருமே, அதுபோலத் திரித்திரியாக உருண்டு வந்தது. தேய்க்கத் தேய்க்க அதிகமானது. எல்லாவற்றையும் கழுவிவிட்டு வெறும் பவுடரோடுதான் சபையில் நின்றேன்.

ப்ரைமர்தான் சேரவில்லை போல என்று அதை மட்டும் விட்டுவிட்டு, இரண்டு வாரம் மற்றவற்றைப் பூசிக்கொண்டு வண்டியில் வேலைக்குப் போனேன். கன்னம் இரண்டும் கறுத்து எரிய ஆரம்பித்தது.

தோல் மருத்துவர் ஐந்தையும் எடுத்துவரச் சொன்னார். சன்ஸ்கிரீன்தான் சருமப் பராமரிப்பில் கடைசி. முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் எடுத்து, தனியாகப் பூசி, சில நிமிடம் படியவிட வேண்டும். அப்புறம்தான் ப்ரைமர், ஃபவுண்டேஷன் எல்லாம். ஃபவுண்டேஷனில் கலந்தால் போதிய அளவும் விழாது, சீரான படலமாகவும் நிற்காது. சிலிகான் ப்ரைமருக்கு மேல் தண்ணீர் அடிப்படையிலான பூச்சு போட்டால் பிரிந்து உருளவும் செய்யும். வைட்டமின் சி சீரம் டிகாஷன் நிறத்தில் இருந்தது. "ஒரிஜினல்னா இப்படித்தான் இருக்கும்" என்று கடையில் சொல்லியிருந்தார்கள். காற்று பட்டுக் கெட்டுப்போனதால் வந்த நிறமாம் அது!

சன்ஸ்கிரீன் ட்யூபைத் திருப்பி, விலை ஸ்டிக்கரின் ஓரத்தை அவர் நகத்தால் நெம்பினார். அடியில் காலாவதித் தேதி. போன வருடம் மார்ச்சோடு முடிந்திருந்தது. என் கை நடுங்கிவிட்டது. தேதி, பேட்ச் எண், தயாரிப்பாளர் முகவரி எல்லாம் லேபிளில் இருக்க வேண்டும் என்று 2020ஆம் ஆண்டின் காஸ்மெட்டிக்ஸ் விதிகள் சொல்கின்றன. தேதிமேல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் வாங்காதீர்கள். பில் தராத கடையில் எதையும் எடுக்காதீர்கள்.

கடையில் "பிரித்த பொருளை எடுக்க மாட்டோம்" என்றார்கள். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். பில் இல்லாத எனக்கு ஃபோனில் பணம் அனுப்பிய விவரம்தான் கைகொடுத்தது. சன்ஸ்கிரீனுக்கான 950 ரூபாய் மட்டும் திரும்பி வந்தது.

நேற்று அந்தப் பக்கம் போனபோது உள்ளே எட்டிப் பார்த்தேன். அதே அலமாரியில் அதே ட்யூப்கள், அதே இடத்தில் ஸ்டிக்கர்.