கரிபால்டி எட்டப்பன் இல்லை: பாபிலோன் 5ன் 'ஃபேஸ் ஆஃப் தி எனிமி'

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதில் கதையை முழுசாக உடைத்துத்தான் எழுதப்போகிறேன், ஏனென்றால் கடைசிக் கால் மணி நேரத்தைத் தொடாமல் இந்த எபிசோடைப் பற்றிப் பேசி ஒரு பிரயோஜனமும் இல்லை. பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

'பாபிலோன் 5' தொடர், நான்காவது சீசன், 17ஆவது எபிசோடு. 1997ல் வந்தது. ஒரு ஆளைப் பிடித்து மூளைச்சலவை செய்து நண்பனுக்கு எதிராகத் திருப்பிவிடுவது அறிவியல் புனைகதையில் எத்தனையோ முறை வந்த கதைதான். ஆனால் இதைப்போல நெஞ்சை அறுத்த ஒன்றை நான் பார்த்ததில்லை.

தொடரைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 2261ஆம் ஆண்டு. பூமியில் கிளார்க் என்ற அதிபர் சர்வாதிகாரியாகிவிட்டார். பாபிலோன் 5 என்ற விண்வெளி நிலையத்தின் கேப்டன் ஷெரிடன் அவரை எதிர்த்துப் படை நடத்துகிறார். அவருக்குப் பாதுகாப்புத் தலைவராக இருந்தவன் மைக்கேல் கரிபால்டி. முரடன், ஒரு காலத்தில் குடித்துக் கெட்டுத் தேறியவன், யாரையும் சட்டென்று நம்பமாட்டான், நம்பிவிட்டால் உயிரைக் கொடுப்பான். முதல் சீசன் முடிவில் அவனுடைய சொந்த உதவியாளனே அவனை முதுகில் சுட்டான் என்பதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், அது இங்கே வேலைக்கு வரும்.

மூன்றாவது சீசன் முடிவில் காணாமல் போன கரிபால்டி, நான்காவது சீசன் தொடக்கத்தில் திரும்பி வருகிறான். வந்தவன் பழைய ஆள் இல்லை. எரிந்து விழுகிறான், வேலையை விடுகிறான். மரணத்திலிருந்து மீண்டு வந்த ஷெரிடனை ஜனங்கள் கடவுள் மாதிரிக் கும்பிடுவது அவனுக்குப் பிடிக்கவில்லை, அதை முகத்துக்கு நேராகவே சொல்கிறான். இதில் என்னவென்றால், அவன் பேசுவதில் நியாயம் இருக்கிறது! ஒரு மனிதனைத் தெய்வமாக்காதீர்கள் என்று சொல்வதில் என்ன தப்பு? பார்க்கிற நாமும் பாதி அவன் பக்கம் போய்விடுகிறோம். எழுதிய ஸ்ட்ராசின்ஸ்கியின் கெட்டிக்காரத்தனம் இங்கேதான் இருக்கிறது, அவர் நமக்கும் சேர்த்தே வலை விரித்திருக்கிறார்.

இந்த எபிசோடில் அந்த வலை இறுகுகிறது. ஷெரிடனின் அப்பாவைக் கிளார்க்கின் ஆட்கள் பிடித்துவிட்டார்கள், வா, நான் உதவுகிறேன் என்று கரிபால்டி அழைக்கிறான். செவ்வாயில் ஒரு மதுக்கடை. ஷெரிடன் தனியாக வருகிறார். பேச்சுவாக்கில் கரிபால்டி மயக்க மருந்து ஒட்டுப்பட்டி ஒன்றை அவர் கையில் ஒட்டிவிடுகிறான். அதன் பிறகு வரும் அடிதடிக் காட்சி, விளக்கு விட்டுவிட்டு மின்ன, கிறிஸ்டோஃபர் ஃப்ராங்கின் இசை மட்டும் ஓட, கால் தள்ளாடும் ஷெரிடன் தன்னைப் பிடிக்க வந்தவர்களோடு விழுந்து விழுந்து எழுந்து மோதுகிறார். கரிபால்டி பார்த்துக்கொண்டு நிற்கிறான். சினிமாச் சண்டைகளில் யார் ஜெயிப்பார் என்றுதான் பார்ப்போம், இதில் அவர் எப்போது விழுந்து தொலைப்பார், இந்த அடி எப்போது நிற்கும் என்றே தோன்றியது.

பாளையங்கோட்டையில் சேக்காளி வீட்டு மாடியில் டிவிடி போட்டுப் பார்த்தோம். அவனுடைய சித்தப்பாவும் கூட உட்கார்ந்தார், கயத்தாறுக்காரர். அவருக்காக நடுநடுவே நிறுத்தித் தமிழில் சொல்லிச் சொல்லி ஓட்டினோம். அந்த மதுக்கடைக் காட்சி முடிந்ததும் அவர், "ஏல, இவன் சரியான எட்டப்பனால்லா இருக்கான்" என்றார். எங்கள் பக்கத்தில் இதைவிடக் கடுமையான வசவு கிடையாது. 1799ல் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டது கயத்தாறில். அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர் காட்டிக்கொடுத்தவனை வேறு எப்படிச் சொல்வார்? நானும் அந்த நிமிடம் அப்படித்தான் நினைத்தேன்.

அப்புறம் வருகிறது அந்த ரயில்பெட்டிக் காட்சி. அதற்கு முன்னால் ஒன்று சொல்ல வேண்டும். ஷெரிடனைக் காட்டிக்கொடுத்ததற்குக் கூலியாக, வில்லியம் எட்கார்ஸ் என்ற பெரும் பணக்கார மருந்துக் கம்பெனி முதலாளி கரிபால்டியிடம் தன் ரகசியத்தைத் திறக்கிறார். மனதைப் படிக்கத் தெரிந்த டெலிபாத்துகளை மட்டும் தாக்கும் ஒரு வைரஸ், அதோடு வாழ்நாள் முழுக்க அவ்வப்போது போட்டுக்கொண்டே இருக்க வேண்டிய மருந்து. மருந்து யார் கையிலோ டெலிபாத்துகளின் உயிரும் அவர் கையில். இதைக் கேட்டுவிட்டு வரும் கரிபால்டி, ஆளில்லாத ரயில்பெட்டியில் உட்கார்ந்து, பொய்ப்பல்லில் ஒளித்து வைத்திருந்த கருவியால் சமிக்ஞை அனுப்புகிறான். பெஸ்டர் உள்ளே வருகிறார்.

டெலிபாத்துகளை ஆளும் சைகோர் அமைப்பின் போலீஸ் அதிகாரி பெஸ்டர். நடித்தவர் வால்டர் கோனிக், பழைய ஸ்டார் டிரெக்கில் செக்கோவாக வந்தாரே, அவரேதான். கறுப்புக் கையுறை, எப்போதும் மடங்கியே இருக்கும் இடது கை, உதட்டில் ஒரு சின்னச் சிரிப்பு. குரலை உயர்த்தவே மாட்டார். வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் விளக்குகிறார்: எங்களுக்கு எதிரான சதியை வேவு பார்க்க உன்னைப் பிடித்தோம், மனதுக்குள் போனோம், உன்னிடம் ஏற்கனவே இருந்த சந்தேகத்தையும் முரட்டுத்தனத்தையும் கொஞ்சம் கூட்டிவிட்டோம். ரேடியோவின் சத்தக் குமிழைத் திருகுவது மாதிரி. புதிதாக ஒரு ஆளை அவர்கள் உருவாக்கவில்லை. முதுகில் சுடப்பட்டவனுக்கு இருந்த அந்த அவநம்பிக்கையே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

எனக்கு உதறல் எடுத்தது இங்கேதான். மூளைச்சலவை என்றாலே கண் செருகிப்போய்ப் பொம்மை மாதிரி நடக்கிற ஆளைத்தான் காட்டுவார்கள். கரிபால்டி அப்படி இல்லை. அவன் பேசிய ஒவ்வொரு வார்த்தையும் அவன் சாதாரணமாகவே பேசக்கூடியது. அதனால்தான் கூடப் பழகியவர்கள் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆள் மாறிவிட்டான் என்பது எல்லோருக்கும் தெரிகிறது, கோபத்தில் இருக்கிறான், விடு, தானாகச் சரியாகிவிடுவான் என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். லைட்டா என்ற டெலிபாத் அவர்கள் பக்கமே இருக்கிறாள், ஒருமுறை அவன் மனதைப் பார்த்திருந்தால் விஷயம் வெளியே வந்திருக்கும். ஆனால் தன் மனதை யாரும் தொடுவது கரிபால்டிக்கு ஆரம்பத்திலிருந்தே ஆகாது, ஆகவே வேண்டாம் என்று அவன் மறுத்திருந்தாலும் அதுவும் அவன் குணமாகவே பட்டிருக்கும். எந்தப் பக்கம் போனாலும் சுவர்.

1991ல் வந்த ஸ்டார் டிரெக் எபிசோடு ஒன்றிலும் கிட்டத்தட்ட இதே கதை. கப்பலின் என்ஜினியர் ஜோர்டியைக் கடத்தி, மனதைத் திருத்தி, ஒரு கொலைக்கு அனுப்புவார்கள். அதில் அவன் நண்பன் டேட்டா துப்பறிந்து கண்டுபிடித்துவிடுவான், கேப்டன் நேரத்துக்குக் கையைத் தட்டிவிடுவார். நல்ல எபிசோடு, எனக்குப் பிடிக்கும். ஆனால் அங்கே நட்பு ஜெயித்துவிடுவதால் நிம்மதியாகப் போய்ப் படுக்கலாம். இங்கே யாரும் வரவில்லை, காரியம் முடிந்தே போகிறது.

பெஸ்டரின் விசுவாசத்தையும் பேச வேண்டும், பலர் இதை விட்டுவிடுகிறார்கள். இந்த எபிசோடில் தான் நம்பிய கூட்டத்துக்குக் கடைசிவரை உண்மையாக இருக்கிற ஆள் அவர்தான்! எட்கார்ஸின் திட்டம் நடந்திருந்தால் டெலிபாத்துகள் பரம்பரை பரம்பரையாக அடிமைகள். பெஸ்டர் தன் ஜனங்களைக் காப்பாற்றியிருக்கிறார், அதில் பொய்யே இல்லை. அதற்காக ஒரு மனிதனின் மனதைக் களவாடி, அவன் கையாலேயே அவன் நண்பனைக் குழியில் தள்ளவைத்தார், அதுவும் அவருக்கு உறுத்தவே இல்லை. தன்னவர்கள் தவிர மற்றவர்கள் மனிதரே இல்லை என்று நம்புகிறவரின் விசுவாசம் எப்படி இருக்கும் என்பதை கோனிக் அந்த மென்மையான குரலிலேயே காட்டிவிடுகிறார். பெஸ்டர் என்ற பெயருக்கும் ஒரு கதை உண்டு: மனம் படிப்பவர்கள் உலவும் ஒரு நாவலை எழுதி 1953ல் அறிவியல் புனைகதைக்கான முதல் ஹியூகோ விருது வாங்கிய ஆல்ஃபிரட் பெஸ்டரின் நினைவாக வைத்தது.

கடைசியில் பெஸ்டர் அவனைக் கொல்வதில்லை. நினைவுகளைத் திருப்பிக் கொடுத்து விட்டுவிடுகிறார். செய்தது அத்தனையும் இப்போது கரிபால்டிக்கு முழுசாகத் தெரியும், நிறுத்த முடியாமல் உள்ளே அடைந்து கிடந்தது உட்பட. தனியாக அந்தப் பெட்டியில் ஜெர்ரி டாய்ல் கதறுகிறார் பாருங்கள், அதுவரை இவரை ஒரு சுமாரான நடிகர் என்று நினைத்தவர்கள் அந்த எண்ணத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். சித்தப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "பாவம்ல. இனி இவஞ் சொன்னா எவம் நம்புவான்?" என்றார். எட்டப்பன் என்ற வார்த்தையை அதற்குப்பின் அவர் எடுக்கவே இல்லை.

குறைகளும் உண்டு. உறையவைத்த டெலிபாத்துகளோடு டாக்டர் ஃப்ராங்க்ளினும் லைட்டாவும் செவ்வாய்க்கு வரும் கிளைக்கதை பின்னால் முக்கியமாகிறது, ஆனால் இந்த எபிசோடில் குறுக்கே நிற்கிறது. எட்கார்ஸின் மனைவி லீஸ், கரிபால்டியின் பழைய காதலி, அவளுக்குப் பயந்துபோய் நிற்பதைத் தவிர வேலையே கொடுக்கவில்லை. விண்கப்பல் சண்டைகளின் கிராஃபிக்ஸ் இன்றைக்கு விளையாட்டுப் பொம்மை போலத் தெரியலாம். ஐந்தாவது சீசன் உண்டா இல்லையா என்று தெரியாத நேரம், அதனால் நான்காவதிலேயே கதையைச் சுருட்டிக் கொண்டு போனார்கள், அந்த அவசரம் அங்கங்கே இடிக்கிறது. இதற்கெல்லாம் நான் மார்க் குறைக்கமாட்டேன்.

இதை மட்டும் தனியாகப் போட்டுப் பார்க்காதீர்கள், சுத்தமாக எடுபடாது. குறைந்தது நான்காவது சீசனை முதலிலிருந்து பாருங்கள், முடிந்தால் கரிபால்டி நல்லவனாக இருந்த முதல் சீசனிலிருந்து. இது முடிந்ததும் 18ஆவதில் ஷெரிடனை விசாரணை அறையில் வைத்து வதைப்பார்கள், அதோடு நிறுத்திவிட்டால் ராத்திரி தூக்கம் வராது. 19ஐயும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள். துரோகி என்று கொல்லத் துப்பாக்கியோடு நிற்கிறவர்கள் நடுவே லைட்டா கரிபால்டியின் மனதுக்குள் போய்ப் பார்ப்பது அதில்தான் வருகிறது.