இவி டிரெய்னர் கிட்: கிளாஸ் எடுக்க சூப்பர், ரிசர்ச்சுக்கு ம்ஹூம்

எங்க டிபார்ட்மென்ட் லேப்ல இவி (எலக்ட்ரிக் வண்டி) பவர்டிரெய்ன், அதாவது பேட்டரியும் மோட்டாரும் சேந்து எப்படி ஓடுதுன்னு கத்துக்குடுக்கற டிரெய்னர் கிட் ஒண்ணு ஓடிட்டு இருக்கு, கம்பெனி பேரு வேண்டாம். 16 எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) செல்லை சீரிஸ்ல போட்ட 51.2 வோல்ட் பேக், பிஎல்டிசி (பிரஷ் இல்லாத டிசி) மோட்டார், கன்ட்ரோலர், லோடு குடுக்க சின்ன டைனமோமீட்டர், எல்லாம் ஒரே டேபிள்ல. ஃபுல் சார்ஜ்லயும் 58.4 வோல்ட் தான், அதனால ஷாக் பயம் கம்மி, ஆனா ஷார்ட் ஆச்சுன்னா கரன்ட் தாறுமாறா பாயும், பசங்க மோதிரம் வாட்ச் எல்லாம் கழட்டி வச்சுட்டு தான் கிட்ட வரணும்.

மோட்டார் சைடு நிஜமாவே பிரமாதம். ரோட்டர் எங்க இருக்குன்னு சொல்ற மூணு ஹால் சென்சார் சிக்னலையும் வெளிய டெஸ்ட் பாயின்ட்டா எடுத்து குடுத்திருக்கான், ஸ்கோப்ப மாட்டிட்டு சாஃப்ட்வேர்ல சிக்ஸ் ஸ்டெப்ல (கரன்ட்டை ஆறு படியா மாத்தி ஓட்டறது) இருந்து எஃப்ஓசிக்கு (ஃபீல்ட் ஓரியன்டட் கன்ட்ரோல், ரோட்டர் சுத்தறதுக்கு ஏத்த மாதிரி விடாம மாத்தறது) மாத்தினா கரகரன்னு இருந்த சத்தம் சட்டுனு அடங்கிடுது, ஸ்க்ரீன்ல கட்டம் கட்டமா இருந்த கரன்ட் அழகா சைன் வேவ் ஆயிடுது. லோடை ஏத்தினா டார்க் குடுக்கற கரன்ட் ஐக்யூ மட்டும் ஏறுது, காந்தப்புலத்தை கூட்டிக் குறைக்கற கரன்ட் ஐடி ஜீரோகிட்டயே நிக்குது. போர்டுல எவ்ளோ எழுதினாலும் மண்டைல ஏறாத பார்க் டிரான்ஸ்ஃபார்ம் (ரோட்டரோட பார்வைல கரன்ட்டை இந்த ரெண்டா பிரிக்கற கணக்கு) இங்க தானா ஏறிடுது. பேட்டரி ஃபுல்லா இருக்கப்போ ரீஜென் (பிரேக் போடறப்போ மோட்டார்ல இருந்து பேட்டரிக்கு சார்ஜ் ஏத்தறது) போட்டுப் பாருங்க, பிஎம்எஸ் (பேட்டரியை கவனிச்சு காப்பாத்தற சர்க்யூட்) சார்ஜிங்கை கட் பண்ணிடும், "சார், ஏன் பிரேக் புடிக்கல?"ன்னு கேப்பாங்க பாருங்க, அங்க தான் கிளாஸே ஆரம்பிக்குது.

பிஎம்எஸ் சைடு தான் எரிச்சல். எஸ்ஓசி (மிச்சம் இருக்கற சார்ஜ்) இத்தனை பர்சன்ட்னு காட்டும், எப்படி கணக்கு போட்டதுன்னு மூச்சு விடாது. எல்எஃப்பியோட வோல்டேஜ் கர்வ் நடுவுல கிட்டத்தட்ட ஃப்ளாட், வோல்டேஜை வச்சு மட்டும் சார்ஜ் எவ்ளோன்னு சொல்ல முடியாது, கூலம் கவுன்டிங் (உள்ள போற, வெளிய வர்ற கரன்ட்டை கூட்டிக்கிட்டே வர்றது) பண்ணா சென்சார் ஆஃப்செட் கொஞ்சம் கொஞ்சமா சேந்து கணக்கு விலகும், பசங்க கத்துக்க வேண்டியதே இது தானே, அத மூடி வச்சு என்னத்த கத்துக்குடுக்கறது? செல் வோல்டேஜ் வேற 0.1 வோல்ட் ஸ்டெப்ல காட்டுது, 10 மில்லிவோல்ட் வித்தியாசமே பெருசா இருக்கற எடத்துல இத வச்சு கால்மன் ஃபில்டர் (மாடலையும் அளவீட்டையும் சேத்து சார்ஜை கணிக்கற முறை) எழுதச் சொன்னா ஸ்காலர் அழுதுடுவான். லாகிங் செகண்டுக்கு ஒரு ரீடிங், பல்ஸ் குடுத்து இன்டர்னல் ரெசிஸ்டன்ஸ் பாக்கலாம்னா அந்த முதல் வோல்டேஜ் டிராப் சிக்கவே சிக்காது.

கேன் லைன்ல (பிஎம்எஸ், கன்ட்ரோலர் எல்லாம் டேட்டா பேசிக்கற ரெண்டு ஒயர்) வர்ற மெசேஜுக்கு அர்த்தம் சொல்ற டிபிசி ஃபைல் குடுங்கன்னு கேட்டா கான்ஃபிடென்ஷியலாம். இதுல அந்த கேன் லைன் அப்பப்போ எரர் அடிச்சுது, பவர் ஆஃப் பண்ணிட்டு மீட்டர் வச்சா 60 ஓம் வர வேண்டிய எடத்துல 120, ரெண்டு முனைலயும் இருக்க வேண்டிய 120 ஓம் டெர்மினேஷன் ரெசிஸ்டரை (சிக்னல் திரும்பி எதிரொலிக்காம தடுக்கறது) ஒரு முனைல போடவே இல்ல! நாங்களே ஒண்ணு சால்டர் பண்ணோம், அதுக்கப்புறம் எரர் வரல.

வாங்கறவங்க ஆர்டர் போடறதுக்கு முன்னாடி டிபிசி ஃபைல், செல் வோல்டேஜ் ரெசல்யூஷன், சாம்ப்ளிங் ரேட் மூணையும் எழுத்துல வாங்கிடுங்க, டெமோல மோட்டார் சுத்தறத காட்டியே மயக்கிடுவாங்க. எங்க கிட் யூஜி லேப்லயே இருக்கட்டும், ஸ்காலர்ஸுக்கு தனியா பேட்டரி சைக்ளர் (செல்லை கணக்கா சார்ஜ், டிஸ்சார்ஜ் பண்ணி அளக்கற மெஷின்) கேட்டு ப்ரொபோசல் எழுதிட்டு இருக்கேன்.