பக்பீடியா: கேப் ஹிட்டோடு நிறுத்திக்கொள்ளாதவர்களுக்கான தளம்

வெலிங்டன், குன்னூர் பக்கம் ஹாக்கி என்றால் தரையில் ஆடுவதுதான். இருந்தாலும் பனிக்காலத்தில் விடியற்காலை ஐந்தரை மணிக்குப் போர்வைக்குள்ளிருந்தே போனில் என்ஹெச்எல் (அமெரிக்கா, கனடா அணிகள் ஆடும் ஐஸ் ஹாக்கி லீக்) ஆட்டம் பார்க்கிறவர்களும் இந்த மலையில் இருக்கிறார்கள். அவர்களுக்குள் தீராத வழக்கு ஒன்று உண்டு. கனடாவில் பிறந்து அங்கேயே ஆட்டம் பழகியவர்கள்கூடக் கடைசியில் அமெரிக்க ஊர்களைத் தேடிப் போவது ஏன்? "அங்கே வரி கிடையாதுப்பா" என்பது ஒரு கட்சி. "குளிர் தாங்கல, அதான்" என்பது இன்னொரு கட்சி. இரண்டையும் உரசிப் பார்க்க இன்றைக்கு இருக்கிற நல்ல கருவி பக்பீடியா என்ற இணையதளம். அதைப் பொறுமையாகப் படித்தால் இரண்டு கட்சியிலும் பாதி உண்மைதான் இருக்கிறது என்பது விளங்கும்.

முன்பு இந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது கேப்ஃப்ரெண்ட்லி. 2024-இல் வாஷிங்டன் கேப்பிடல்ஸ் அணியே அதை விலைக்கு வாங்கியது. அந்த ஜூலையிலிருந்து பொதுமக்களுக்கு அது கிடையாது. அந்த வெற்றிடத்தை நிரப்பியது பக்பீடியா. 32 அணிகளின் ஒப்பந்தங்கள் ஆண்டுவாரியாக, சம்பள உச்சவரம்புக்குள் (அதுதான் கேப்) ஒவ்வொரு அணியிடமும் மிச்சமிருக்கும் இடம், ஆட்டக்காரரின் ஏஜெண்ட் யார் என்ற விவரம், ஒப்பந்தத்தைப் பாதியில் முறித்தால் அணிக்கு என்ன செலவு என்று போட்டுக் காட்டும் பைஅவுட் கணக்கு, நாமே மேலாளராகி அணி கட்டிப் பார்க்கும் பக்ஜிஎம் என எல்லாம் ஒரே இடத்தில் இருக்கிறது. ஒப்பந்தப் பக்கங்களைப் பார்க்கக் காசு கட்ட வேண்டியதில்லை.

நிறையப் பேர் அணிப் பக்கத்தைத் திறந்து கேப் ஹிட் என்ற ஒரே எண்ணைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். சண்டை தீராததற்கு அதுவே காரணம். ஒப்பந்தத்தின் மொத்தத் தொகையை ஆண்டுகளால் வகுத்தால் வரும் சராசரிதான் கேப் ஹிட். அணி தன் உச்சவரம்புக்குள் நிற்கிறதா என்று பார்க்க மட்டுமே அது உதவும். 2025-26 பருவத்துக்கு அந்த உச்சவரம்பு அணிக்கு 95.5 மில்லியன் டாலர், 2026-27-க்கு 104 மில்லியன். ஆட்டக்காரர் கைக்கு எந்த ஆண்டு எவ்வளவு வருகிறது என்பது அதில் தெரியாது. அதற்கு அவர் பெயரைத் தொட்டு உள்ளே போக வேண்டும். போனில் பார்க்கிறவர்கள் திரையைக் குறுக்காகத் திருப்பிக்கொள்வது நல்லது, அட்டவணை அகலமானது. பார்க்க வேண்டிய கட்டங்கள் மூன்று: அடிப்படைச் சம்பளம், ஒப்பந்தம் போட்டதற்காகத் தனியாகத் தரும் சைனிங் போனஸ், ஆட்டக்காரர் சம்மதமில்லாமல் அவரை வேறு அணிக்கு மாற்றுவதைத் தடுக்கும் நோ-டிரேட் அல்லது நோ-மூவ்மெண்ட் நிபந்தனை.

ஜான் டவாரெஸ் 2018-இல் நியூயார்க் ஐலண்டர்ஸை விட்டுத் தன் சொந்த ஊர்ப்பக்கமான டொராண்டோவுக்கு வந்தபோது போட்ட ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்வோம். 7 ஆண்டுக்கு 77 மில்லியன், ஆகவே கேப் ஹிட் 11 மில்லியன். முதல் ஆண்டின் அடிப்படைச் சம்பளம் வெறும் 0.65 மில்லியன். பக்கத்துக் கட்டத்தில் சைனிங் போனஸ் 15.25 மில்லியன். இப்படிப் பிரித்ததற்கு இரண்டு காரணம். பிற்பாடு அணி ஒப்பந்தத்தை முறித்தால் வெட்டு அடிப்படைச் சம்பளத்தில்தான் விழும், போனஸ் முழுசாக வந்து சேரும். இது எந்த நாட்டு அணிக்கும் பொருந்தும். இரண்டாவது காரணம் கனடாவுக்கே உரியது. கனடாவில் குடியிருக்காத ஆட்டக்காரரைத் தன் பக்கம் இழுக்கக் கொடுக்கும் போனஸுக்கு, கனடா 15 சதவீதத்துக்கு மேல் வரி போடக் கூடாது என்று கனடா-அமெரிக்க வரி உடன்படிக்கை சொல்கிறது. டவாரெஸ் விஷயத்தில் கனடாவின் வருமான வரித் துறை இதை ஒத்துக்கொள்ளவில்லை. போனஸ் என்ற பேரில் வந்தாலும் இது சம்பளம்தான் என்று சொல்லி, வட்டியோடு சுமார் 8 மில்லியன் கனடா டாலர் கேட்டது. விவகாரம் வரி நீதிமன்றத்துக்குப் போயிற்று. கனடா அணி ஒன்றின் பக்கத்தில் போனஸ் கட்டம் வீங்கியிருந்தால், வரியால் வரும் குறையை ஈடுகட்ட அந்த அணி பாடுபடுகிறது என்று அர்த்தம். அந்த வழி கடைசிவரை செல்லுபடியாகும் என்று ஆட்டக்காரர் நம்பிக்கொண்டிருக்க முடியாது.

தளத்தில் காண்பது எல்லாமே அமெரிக்க டாலர், எல்லாமே வரிக்கு முந்தைய தொகை. கனடா அணிகளும் சம்பளத்தை அமெரிக்க டாலரில்தான் கொடுக்கின்றன. அதனால் "கனடா டாலர் மதிப்பு விழுந்ததால் ஓடுகிறார்கள்" என்ற வாதம் நிற்காது. டாலர் விழுந்தால் டிக்கெட் விற்று வரும் கனடா டாலரை மாற்றிச் சம்பளம் போடும் முதலாளிக்குத்தான் அடி.

வரிக் கணக்கை ஒரு தாளில் போட்டுப் பார்த்துவிடலாம். ஆண்டுக்கு 10 மில்லியன் வாங்கும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். டொராண்டோ இருக்கும் ஒண்டாரியோவில் மத்திய, மாகாண வரி சேர்ந்த உச்ச விகிதம் 53.53 சதவீதம். கையில் மிஞ்சுவது 4.7 மில்லியனுக்குச் சற்றுக் கீழே. அதே தொகை டாம்பாவில் என்றால் அமெரிக்க மத்திய வரி 37, மெடிகேர் என்ற முதியோர் மருத்துவத் திட்டத்துக்கான பிடித்தம் 2.35 சதவீதம். ஃப்ளோரிடா மாநிலத்துக்கு வருமான வரி கிடையாது. மிச்சம் சுமார் 6.1 மில்லியன். அதில் இன்னும் கொஞ்சம் கழிக்க வேண்டும். கலிபோர்னியாவிலோ நியூயார்க்கிலோ போய் ஆடும் நாட்களைக் கணக்கிட்டு, அந்தப் பங்குச் சம்பளத்துக்கு அந்தந்த மாநிலம் வரி பிடிக்கும். பலர் மறப்பது இதைத்தான். அதையும் கழித்தால் 6-க்குக் கொஞ்சம் கீழே நிற்கும். டொராண்டோவில் அதே பணம் கைக்கு வர 12.5 மில்லியனுக்குக் குறையாமல் ஒப்பந்தம் வேண்டும். உச்சவரம்பு எல்லா அணிக்கும் ஒன்றுதான் என்பதால், அந்த இரண்டரை மில்லியன் இன்னொரு நல்ல ஆட்டக்காரரின் சம்பளத்திலிருந்துதான் வர வேண்டும். ஏஜெண்ட் கமிஷனும், லீக் தன் வருமானக் கணக்கைச் சரிபார்க்கும்வரை சம்பளத்தில் நிறுத்திவைக்கும் எஸ்க்ரோ பிடித்தமும் இரண்டு ஊருக்கும் பொது என்பதால் இங்கே சேர்க்கவில்லை.

இதே தாளில் வேறு ஊர்களைப் போட்டால் "அமெரிக்கா என்றாலே வரி குறைவு" என்ற பேச்சு கலைந்துவிடும். கலிபோர்னியாவின் உச்ச மாநில வரி 13.3 சதவீதம். மத்திய வரியையும் மெடிகேரையும் கூட்டினால் 52-ஐத் தாண்டுகிறது. நியூயார்க் நகருக்குள்ளேயே குடியிருந்தால் நகர வரியும் சேர்ந்து ஒண்டாரியோ அளவுக்கு வந்துவிடும். எட்மண்டன், கால்கரி இருக்கும் ஆல்பர்ட்டாவிலோ உச்ச விகிதம் 48. எட்மண்டனில் ஆடுகிறவர் லாஸ் ஏஞ்சல்ஸில் ஆடுகிறவரைவிட அதிகம் வீட்டுக்குக் கொண்டுபோகிறார்! உண்மையான கோடு இரு நாட்டுக்கும் நடுவில் இல்லை. ஃப்ளோரிடாவின் இரண்டு அணிகள், டல்லாஸ், நாஷ்வில், வேகஸ், சியாட்டில் ஆகியவை ஒரு பக்கம், மற்ற ஊர்கள் எல்லாம் இன்னொரு பக்கம்.

குளிர் வாதத்துக்கு வருவோம். ஜனவரியில் தலைகுந்தாவில் உறைபனி விழுந்து புல்வெளி வெளுத்துக் கிடக்கும்போது நமக்குப் பூஜ்யம் டிகிரியே பெரிய விஷயம். வின்னிபெக்கில் ஜனவரியின் சராசரியே மைனஸ் 16 அளவில் இருக்கும். ஆனால் மினசோட்டாவும் பஃபலோவும் அமெரிக்காதான், அங்கும் எலும்பு நடுங்கும். மினசோட்டாவின் உச்ச மாநில வரி 9.85 சதவீதம். அங்கேதான் கிரில் கப்ரிசோவ் 2025-இல் ஆண்டுக்கு 17 மில்லியன் வீதம் 8 ஆண்டுக்குக் கையெழுத்துப் போட்டார். பனியிலேயே பிழைப்பு நடத்துகிறவருக்குக் குளிர் பெரிதாகப் படுவதில்லை. அவர் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் அது பெரிதாகப் படலாம். அந்தக் காரணத்தை எந்த அட்டவணையிலும் பார்க்க முடியாது.

மூன்றாவது கட்டமான நிபந்தனைதான் என் கணிப்பில் இந்தத் தளத்தின் உயிர். ஆட்டக்காரர் தன் விருப்பப்படி ஊர் தேர்ந்தெடுக்க 27 வயதோ 7 பருவமோ ஆக வேண்டும். அதுவரை, இளம் ஆட்டக்காரர்களை அணிகள் முறைபோட்டு எடுக்கும் டிராஃப்டில் அவரை எடுத்த அணியோ, பிறகு அவர் உரிமையை வாங்கிய அணியோ, அதன் கையில்தான் அவர் இருக்கிறார். அந்த நிலையை எட்டிய பின்புதான் நோ-டிரேட் நிபந்தனையும் அமலுக்கு வரும். எத்தனை அணிகளுக்குப் போக மறுக்கலாம் என்ற எண்ணிக்கையைப் பக்பீடியா காட்டும். எந்தெந்த அணிகள் என்ற பட்டியல் பொதுவில் வராது. ஆகவே "இவர் பட்டியலில் வின்னிபெக் இருக்கிறது" என்று யாராவது அடித்துச் சொன்னால் ஆதாரம் கேளுங்கள்.

கனடா ஊர்களில் ஹாக்கி ஆட்டக்காரர் பால் வாங்கக் கடைக்குப் போனாலும் நான்கு பேர் நிறுத்திக் கேள்வி கேட்பார்கள். ஃப்ளோரிடாவிலோ அவரை அடையாளம் தெரியாதவர்களே அதிகம். டொராண்டோ பகுதியிலேயே வளர்ந்த மிட்ச் மார்னர் 2025-இல் ஆண்டுக்கு 12 மில்லியன் வீதம் 8 ஆண்டுக்கு வேகஸ் போனதற்கு வரியை மட்டும் காரணமாகச் சொல்வது அந்த மனிதருக்குச் செய்யும் அநியாயம். கோப்பைக்கான இறுதிக் கட்டச் சுற்றுகளான பிளேஆஃபில் ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் அந்த ஊரில் அவர் வாங்கிய ஏச்சு கொஞ்சநஞ்சமல்ல. 2022-இல் ஜானி காட்ரோ கால்கரியை விட்டுப் போனது வரியே இல்லாத ஊருக்கு அல்ல, ஒஹாயோவிலுள்ள கொலம்பஸுக்கு. நியூஜெர்சியில் இருந்த குடும்பத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதே அவர் எண்ணம்.

எதிர்த்திசையிலும் பெயர்கள் உண்டு. டவாரெஸ் 2025-இல் ஆண்டுக்கு 4.38 மில்லியனுக்கு டொராண்டோவிலேயே தங்கினார். கானர் மெக்டேவிட் அதே ஆண்டு அக்டோபரில் பழைய 12.5 மில்லியனுக்கே எட்மண்டனில் இன்னும் 2 ஆண்டு போட்டுக்கொண்டார். ஜெயிக்கும் அணியாக இருந்தால் ஆள் நிற்பார். ஃப்ளோரிடா பேந்தர்ஸையே பாருங்கள். வரியில்லாச் சலுகை அவர்களுக்கு ஆரம்பத்திலிருந்தே இருந்தது, இருந்தும் 1996-க்குப் பிறகு 2022 வரை ஒரு பிளேஆஃப் சுற்றுகூட ஜெயிக்கவில்லை. 2024, 2025 இரண்டு ஆண்டும் எட்மண்டனைத் தோற்கடித்துக் கோப்பை வாங்கிய பிறகு சாம் பென்னட் 8 மில்லியனுக்கும், ஏரன் எக்பிளாட் 6.1 மில்லியனுக்கும், பிராட் மார்ஷாண்ட் 5.25 மில்லியனுக்கும் அங்கேயே இருந்துவிட்டார்கள். மூவருமே கனடாக்காரர்கள். நாஷ்வில் 2024 ஜூலையில் பெரிய பெயர்களை வாரிச் சேர்த்தும் அந்தப் பருவம் பிளேஆஃபுக்கே போகவில்லை.

ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர்கள் எந்த அணியிலும் சேரக்கூடிய ஜூலை 1 சந்தை திறப்பது கிழக்கு அமெரிக்க நேரம் பகல் 12 மணிக்கு, நமக்கு இரவு 9.30. அது தென்மேற்குப் பருவமழை உச்சத்தில் இருக்கும் சமயம். கூடலூர், பந்தலூர் பக்கம் மரம் விழுந்து கரண்ட் போவதும் டவர் போவதும் சகஜம். போனைச் சாயங்காலமே முழுக்கச் சார்ஜ் போட்டு, பார்க்க விரும்பும் அணிகளின் பக்கங்களைத் தனித்தனி டேப்பில் திறந்து வையுங்கள். முதலில் வெளிவருவது ஆண்டுகளும் மொத்தத் தொகையும்தான். அதை வைத்து யாரோடும் சண்டைக்குப் போக வேண்டாம். போனஸ் பிரிவும் நிபந்தனையும் பிறகுதான் சேரும். மறுநாள் டீ குடிக்கிற நேரத்தில் ஆட்டக்காரர் பக்கத்தைத் திறந்து, மூன்று கட்டமும் நிரம்பியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு அதன் பிறகு தாளை எடுங்கள்.