வேட்பாளர் பயிற்சி: 2 நாள் போய் வந்த அனுபவம்

15 வருடம் ராணுவம், அப்புறம் 7 வருடம் வங்கியில் கடன் பிரிவு. இப்போது உள்ளாட்சித் தேர்தலில் நிற்கப் போகிறேன். அதற்காகத்தான் இந்தப் பயிற்சியில் சேர்ந்தேன்.

பட்ஜெட் வகுப்புக்காகவே போகலாம். கணக்குதானே, நமக்குத் தெரியாததா என்று உட்கார்ந்தேன். பயிற்றுநர் பலகையில் ஒரு தெருவிளக்கை வரைந்தார். கம்பம் நடுவது மூலதனச் செலவு, ஒரு தடவையோடு சரி. மின்கட்டணமும் பழுது பார்ப்பதும் வருவாய்ச் செலவு, வருடா வருடம் வரும். கடன் திரும்புமா என்று மட்டும் பார்த்துப் பழகிய எனக்கு, அந்த விளக்கு இல்லாத தெருவில் யார் நடக்கிறார்கள் என்று அன்றுதான் கேட்கத் தோன்றியது.

வீடு வீடாகப் போய்ப் பேசும் பயிற்சியை அரை மணி நேரத்தில் முடித்தது பெரிய குறை. உத்தரவு போட்டே பழகியவர்களுக்கு அதுதான் அதிகம் வேண்டும். ஒரு நாள் முழுக்க ஒதுக்கினாலும் தகும்.